ஆலிவ் எண்ணெய் சோப்பு சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஆலிவ் எண்ணெய், காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்), தண்ணீர். இந்த மூன்றே போதும் என்பதால் இது எளிதான சோப்பு என்று பெயர் வாங்கியிருக்கிறது. உண்மையில் பொறுமையை மிக அதிகமாகக் கேட்கிற சோப்பு இதுதான். கெட்டியாக நேரம் எடுக்கும், அச்சிலிருந்து விடுபட நாள் எடுக்கும், நன்றாக நுரைக்க மாதங்கள் எடுக்கும். ஆகவே முதல்முறை செய்பவர்கள் கோளாறு என்று பதறும் பலவும் கோளாறே இல்லை. உண்மையான கோளாறுகளில் பெரும்பாலானவை தராசில் பிறக்கின்றன. முன்னதற்குக் காத்திருப்பதுதான் வைத்தியம். பின்னதற்கு எத்தனை மாதம் காத்திருந்தாலும் பயனில்லை. உங்கள் சோப்பு இவற்றில் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமல்லவா? இதை வைத்துக்கொள்வோம்: ஆலிவ் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 64 கிராம், தண்ணீர் 128 கிராம். ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.135 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 500 கிராமுக்கு 67.5 வரும். அதில் 5 சதவீதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சும். தோலுக்கு இதம் தருவதும், சின்னச் சின்ன எடைப் பிழைகளைத் தாங்கிக்கொள்வதும் அந்த மிச்சம்தான். சூப்பர்ஃபேட் என்று சொல்வது இதைத்தான்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அது கரைந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தோலில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். வினிகரைத் தேடி ஓட வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

எவ்வளவு கலக்கியும் கெட்டியாகவில்லை

கரண்டியால் எடுத்துச் சொட்டவிட்டால் மேற்பரப்பில் கோடு நிற்க வேண்டும். அந்தப் பதத்தைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஓலிக் அமிலம். அது காரத்தோடு மெதுவாகத்தான் வினைபுரியும். கையால் கலக்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் இன்னும் மெதுவு. பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் போமேஸ் வகை சீக்கிரம் கெட்டியாகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஹேண்ட் பிளெண்டரைச் சில விநாடி ஓட்டி, நிறுத்தி, அதையே கரண்டியாக வைத்துக் கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகும், காற்றும் உள்ளே போகும். கலவை ஆறிப் போயிருந்தால் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மெல்லச் சூடாக்குங்கள். அப்படியும் அசையவில்லையா? மூடி வைத்துவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். நீங்கள் கலக்காத நேரத்திலும் வினை நடந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்த முறைக்குத் தண்ணீரைக் குறையுங்கள். 64 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு 96 கிராம் தண்ணீர் போதும். ட்ரேஸ் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீக்கிரம் வரும், சோப்பும் விரைவில் காயும். காஸ்டிக் சோடாவின் எடைக்குச் சமமான தண்ணீருக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், முழுதாகக் கரையாது.

காஸ்டிக் சோடா பழையதா என்றும் பாருங்கள். திறந்து வைத்த டப்பாவில் அது காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக் கட்டியாகி, வீரியம் குறைந்துவிடும். அடைப்பு நீக்கும் தூளாக விற்பதை வாங்கியிருந்தால், அதில் அலுமினியத் துகளோ வேறு சேர்மானமோ இருக்கலாம். அதைச் சோப்புக்குப் பயன்படுத்தவே வேண்டாம். எதுவானாலும், "கெட்டியாகவில்லையே" என்று கண்ணளவில் இன்னும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவைத் தூவுவது மட்டும் கூடாது. மெதுவான சோப்பு எப்படியும் தேறிவிடும், காரம் மிஞ்சிய சோப்பு தானாகத் தேறாது.

கெட்டியானது, ஊற்றிய பிறகு எண்ணெய் மிதக்கிறது

பொய் ட்ரேஸ். பிளெண்டரின் வேகத்தில் எண்ணெயும் கரைசலும் தற்காலிகமாகக் கூடிக்கொண்டு கெட்டியானதுபோல் காட்டும். நிறுத்தினால் பிரியும். அச்சில் ஊற்றுமுன் ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். ஓரத்தில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் இன்னும் பதம் வரவில்லை. ஏற்கெனவே ஊற்றியிருந்தாலும் பரவாயில்லை, சில மணி நேரத்துக்குள் கவனித்தால் திரும்பப் பாத்திரத்தில் கொட்டிக் கலக்கலாம்.

நறுமணம் சேர்த்ததும் கல்லாக இறுகிவிட்டது

பழி ஆலிவ் எண்ணெயுடையது அல்ல. கிராம்பு எண்ணெயும் சில செயற்கை நறுமணங்களும் இப்படிச் செய்யும். கையுறையோடு அச்சில் அழுத்தித் திணித்துவிடுங்கள். அழகு போகும், சோப்பு போகாது.

மறுநாள் பார்த்தால் அச்சின் மேலே திரவம் நிற்கிறது

உடனே வடித்துக் கொட்டிவிடாதீர்கள். அந்தத் திரவத்தில் போவது எண்ணெயா, காரமா, எவ்வளவு என்று தெரியாமல் வடித்தால் உங்கள் எடைக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். மிச்சமிருப்பதைச் சரிசெய்ய வழியே இருக்காது.

முதலில் அது என்ன என்று பாருங்கள். பி.எச். தாளை (காரத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) அந்தத் திரவத்தில் லேசாக நனைத்து வையுங்கள். சட்டென்று கருநீலமாக மாறினால் வினைபுரியாத காரக் கரைசல். தாளில் எண்ணெய்க் கறை மட்டும் விழுந்தால் எண்ணெய். வெறும் முத்து முத்தான துளிகளாக இருந்தால் பெரும்பாலும் சூட்டில் வெளியேறிய ஈரம். இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் சோப்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஏடாகத் தேங்கி நின்றால் அது பிரிவுதான். எண்ணெய் ஏடானாலும் கார ஏடானாலும் வைத்தியம் ஒன்றே. கீழே சொல்கிற மீள்காய்ச்சல்.

துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் சோப்பையும் திரவத்தையும் ஒரு துளி விடாமல் போடுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இதை இறக்கி, மெல்லிய தீயில் வைத்து, கொஞ்சம் இளகியதும் பிளெண்டரால் கூட்டுங்கள். அப்புறம் மூடிவைத்து அவ்வப்போது கிளறினால் போதும். கலவை வாசலின்போல் ஒளி ஊடுருவும் பதத்துக்கு வரும்போது வினை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அச்சில் அழுத்தி ஆறவிடுங்கள். முரடாகத்தான் இருக்கும், குளிக்க எந்தக் குறையும் இல்லை.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது

இதற்குப் பயப்படுவோர் அதிகம். பயப்பட ஒன்றுமில்லை. மேற்பரப்பில் மிச்சமிருந்த காஸ்டிக் சோடா காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகப் படிகிறது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைக்கலாம், ஆவியில் காட்டலாம், அல்லது அப்படியே விட்டால் முதல் குளியலில் போய்விடும். வரவே கூடாது என்றால் நல்ல ட்ரேஸ் வந்தபின் ஊற்றி, தண்ணீரைக் குறைத்து, முதல் ஓரிரு நாள் காற்றுப் படாமல் மூடி வையுங்கள்.

ஆனால் வெட்டிப் பார்க்கும்போது *உள்ளே* வெள்ளைப் படிகமோ, திரவம் கசியும் குழியோ தெரிந்தால் கதை வேறு. கரையாத காஸ்டிக் சோடாத் துகளாகவோ, சரியாகக் கலக்காமல் தேங்கிய கரைசலாகவோ அது இருக்கலாம். அந்தக் கட்டியைத் தோலில் பயன்படுத்தாதீர்கள். கையுறை போட்டுத் துருவி, மேலே சொன்னபடி மீண்டும் காய்ச்சுங்கள்.

வெட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது

உண்மையான தவறுகள் பெரும்பாலும் இந்த அறிகுறியோடுதான் வருகின்றன.

கொஞ்சம் தாமதமாக வெட்டியதால் ஓரம் சிதறுவது ஒரு வகை. அது ஓரத்தோடு நிற்கும். கட்டி முழுக்கச் சுண்ணாம்பாக உதிர்ந்தால் காரம் அதிகம். ஏன் அதிகமானது? முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எண்ணெயை எடை போட்டீர்களா, அளவுக் குவளையில் ஊற்றினீர்களா? 500 மில்லி ஆலிவ் எண்ணெய் 500 கிராம் அல்ல, சுமார் 458 கிராம்தான். 458 கிராம் எண்ணெய் முழுதாக ஏற்கக்கூடிய காஸ்டிக் சோடா 61.8 கிராம். நீங்கள் போட்டது 64. அதாவது இதம் தர வேண்டிய எண்ணெய் மிச்சம் இல்லாமல் போனதோடு, 2 கிராமுக்கு மேல் காரம் சோப்புக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்த்து "ஒரு கிலோ" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இந்தத் தவறு எங்கே நடந்தது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. குறைந்த 42 கிராம் எண்ணெயை எடைபோட்டு, துருவிய சோப்போடு சேர்த்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மீண்டும் காய்ச்சுங்கள். அளவு பழைய கணக்குக்கு வந்துவிடும்.

எடை போட்டும் இப்படி ஆனதென்றால் தராசைச் சந்தேகியுங்கள். பேட்டரி இறங்கினால் எண் தாவும். சில தராசுகள் பாதியில் தானே அணைந்து, மறுபடி போட்டதும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். முன்பு கொட்டியது கணக்கில் வராது. இன்னொன்றும் உண்டு. முதல்முறைதானே, வீணானால் போகட்டும் என்று 100 கிராம் எண்ணெயில் செய்து பார்ப்பார்கள். அதற்குத் தேவையான காஸ்டிக் சோடா 13 கிராமுக்கும் கீழே. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசில் ஒரு கிராம் தவறினால் கிட்டத்தட்ட 8 சதவீதப் பிழை. 5 சதவீத மிச்சத்தை அது விழுங்கிவிடும். அதே ஒரு கிராம் 500 கிராம் செய்முறையில் 1.6 சதவீதம்தான். சிறிய அளவு பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் இங்கே அதுதான் ஆபத்து. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாவிட்டால் 500 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. திரவக் கசிவு எதுவும் இல்லாத, சில நாளாவது ஆன கட்டியில் ஈர விரலைத் தேய்த்து, அந்த நுரையை நாக்கு நுனியில் தொடவேண்டும். வெறும் சோப்புச் சுவை என்றால் சரி. மின்சாரம் பட்டதுபோல் சுள்ளென்றால் காரம் பாக்கி இருக்கிறது, உடனே கொப்பளியுங்கள். புதுச் சோப்பில் இதைச் செய்யாதீர்கள், வினை முடியாத நிலையில் எப்படியும் சுள்ளென்றுதான் இருக்கும். பி.எச். தாள் இதற்கு அவ்வளவு உதவாது. நல்ல சோப்பே 9 முதல் 10 வரை காட்டும்.

அச்சிலிருந்து வரவில்லை, மெத்தென்று இருக்கிறது

எத்தனை நாள் ஆயிற்று? இரண்டு நாள் என்றால் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். முழு ஆலிவ் எண்ணெய் சோப்பு, அதுவும் குளிர்ந்த இடத்தில் வைத்தது, ஒரு வாரம் கேட்பது வழக்கம்தான். ஒட்டிக்கொண்டு வரமறுத்தால் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். ஊற்றியதும் அச்சைத் துணியால் சுற்றி வைத்தால் உள்ளே சூடு ஏறி ஜெல் நிலைக்கு, அதாவது ஒளி ஊடுருவும் கூழ்ப் பதத்துக்குப் போகும். அப்படிப் போன கட்டி சீக்கிரம் இறுகும். காஸ்டிக் சோடாவைப் போடுமுன் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்வதும் கை கொடுக்கும். அதற்கு மேல் உப்புப் போட்டால் நுரை அடங்கும்.

இரண்டு மூன்று வாரமாகியும் களிம்பாகவே இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, காஸ்டிக் சோடா குறைவு. இரண்டு, டப்பாவில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு அல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இது திரவச் சோப்புக்கானது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 64 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 340 கிராம் எண்ணெயைத்தான் சோப்பாக்கும். மிச்சமெல்லாம் எண்ணெயாகவே கிடக்கும். அட்டையை எடுத்துப் படியுங்கள்.

நடுவில் கரும் வட்டம்

நடுப்பகுதி மட்டும் ஜெல்லாகி ஓரம் ஆகாமல் விட்டதன் அடையாளம். பார்வைக்கு மட்டுமே குறை.

பச்சை நிறம் வெளுத்துவிட்டது

வெளுக்கும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயின் பச்சை ஒளியும் காற்றும் பட்டு மங்கி, கடைசியில் தந்த வெள்ளைக்கு வந்து நிற்கும். லாரல் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் சிரியாவின் அலெப்போ சோப்பை மாதக்கணக்கில் அடுக்கி உலர்த்துவார்கள். வெளியே பொன்பழுப்பாகி இருக்கும், வெட்டினால் உள்ளே பச்சை. அங்கே அதுதான் முதிர்ந்த சோப்பின் லட்சணம். மஞ்சள்தூள் போட்டுச் செம்மண் நிறம் வந்தாலும், செம்பருத்தி போட்டுப் பழுப்பு வந்தாலும் காரணம் காரம்தான். பூவின் நிறம் சோப்பில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சில மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளி, காறல் வாடை

காத்திருந்தால் சரியாகாத இன்னொரு கோளாறு. மாறாமல் மிஞ்சிய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறிப்போகிறது. காரணங்களை வரிசையாகக் கிளறிப் பாருங்கள். எண்ணெயே பழையதா? அலமாரியில் தீராமல் கிடந்த எண்ணெயைத் தீர்ப்பதற்காகச் சோப்பு செய்வது பலருக்கு வழக்கம், அந்த வாடை சோப்பிலும் வராமல் இருக்காது. விலை குறைவான எண்ணெயில் வேறு விதை எண்ணெய் கலந்திருந்தால் லினோலியிக் அமிலம் கூடுதலாகி சீக்கிரம் காறும். சூரியகாந்தி எண்ணெயின் காஸ்டிக் சோடாத் தேவை ஆலிவுக்கு மிக அருகில் இருப்பதால், கலப்படம் இருந்தாலும் செய்யும்போது எதுவும் தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் புள்ளியாக வெளிவரும்.

அடுத்த சந்தேகம் உலோகம். இரும்பும் செம்பும் மிகச் சிறிய அளவில் இருந்தாலே காறலை முடுக்கிவிடும். குழாய்த் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீர், துருப்பிடித்த கம்பித் தட்டுக்குப் பதில் மரமோ பிளாஸ்டிக்கோ என்று மாற்றிப் பாருங்கள். புள்ளிகள் கம்பி பட்ட இடத்தில் வரிசையாக இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இதமாக இருக்கட்டும் என்று சூப்பர்ஃபேட்டை 10 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தால் 5க்கு இறக்குங்கள். ஆலிவ் சோப்பு இயல்பிலேயே மென்மையானது, அதற்கு அவ்வளவு மிச்சம் தேவையில்லை. ரோஸ்மேரி சாறு 500 கிராம் எண்ணெய்க்கு அரை கிராம் சேர்ப்பதும் காறலைத் தள்ளிப்போடும். வாசனைக்கு விற்கும் ரோஸ்மேரி எண்ணெய் அல்ல, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கவென்றே விற்கும் சாறு. புள்ளி விழுந்த கட்டியில் அந்த இடத்தைச் செதுக்கிவிட்டு, வாடை பொறுக்கும்வரை பயன்படுத்தலாம்.

நுரை இல்லை, கொழகொழவென்று வருகிறது

முழு ஆலிவ் எண்ணெய் சோப்பு பற்றி வருகிற புகார்களில் முதலிடம் இதற்குத்தான். புகார் நியாயமானது, ஆனால் சோப்பு செய்ததில் பிழையில்லை. ஓலிக் அமிலம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து உருவாகும் சோப்பான சோடியம் ஓலியேட், தண்ணீரை உறிஞ்சி வழவழப்பான கூழாகும் இயல்புடையது. பெரிய குமிழ்களை அது தராது, பாலேடு போன்ற தாழ்வான நுரைதான் தரும். நான்கு வாரத்தில் எடுத்துப் பயன்படுத்தினால் கொழகொழப்பு உச்சத்தில் இருக்கும். ஆறு மாதம் வைத்துப் பாருங்கள், ஒரு வருடம் முடிந்தால் இன்னும் நல்லது. கட்டி இறுகும், கூழ் குறையும், நுரையும் நெருங்கி வரும். நீர் தேங்கும் டப்பாவில் வைக்காமல், வடிகிற தட்டில் வைத்துக் குளியலுக்குக் குளியல் காயவிடுவதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

அவ்வளவு காத்திருக்க மனமில்லையா? அடுத்த தடவை 100 கிராம் ஆலிவுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடுங்கள். காஸ்டிக் சோடாவையும் மாற்றியாக வேண்டும்: தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 0.183. ஆக 400 கிராம் ஆலிவுக்கு 54, 100 கிராம் தேங்காய்க்கு 18.3, கூட்டி 5 சதவீதம் கழித்தால் 68.7 கிராம். ஆலிவ் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள், காஸ்டிக் சோடாவுக்கு முன் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைக்கலாம். நுரை கூடும், ஆனால் கரைசலும் கலவையும் வழக்கத்தைவிடச் சூடேறும்.

சில ஊர்களில் எந்த இயற்கைச் சோப்புமே நுரைக்காது. அது கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகப் படிகின்றன. 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, அதை நடுநிலையாக்க 6.2 கிராம் காஸ்டிக் சோடாவைக் கூடுதலாகப் போட்டால், உருவாகும் சோடியம் சிட்ரேட் இந்தப் படிவைக் குறைக்கும். அந்தக் கூடுதல் காஸ்டிக் சோடாவை மறந்தால் சூப்பர்ஃபேட் எகிறி, சோப்பு இன்னும் மென்மையாகிவிடும்.

தோல் இழுக்கிறது, அரிக்கிறது

முதலில் நாக்கு நுனிச் சோதனை. அதில் தேறினால் வாசனை எண்ணெயின் அளவைப் பாருங்கள்; எரிச்சலுக்கு வழக்கமான காரணம் அதுதான். வாசனையே சேர்க்காத கட்டி ஒன்றைப் பயன்படுத்தி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தோலின் பி.எச். 5.5க்கு இறக்குகிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றாதீர்கள். அந்த அளவுக்கு இறக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். சோப்பு என்றால் காரத்தன்மை உள்ளதுதான். அது ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு, அவர்களுக்கு எவ்வளவு நன்றாகச் செய்த ஆலிவ் சோப்பும் பொருந்தாமல் போகலாம்.

அளவு எதையும் எழுதிவைக்கவில்லை, என்ன தவறென்றே தெரியவில்லை

துருவி, தண்ணீர் விட்டு, காய்ச்சி, நாக்கில் சோதியுங்கள். சுள்ளென்றால் 10 கிராம் எண்ணெய் சேர்த்து அரை மணி காய்ச்சி, ஆறவைத்துத் திரும்பச் சோதியுங்கள். சுள்ளென்பது நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எவ்வளவு எண்ணெய் உள்ளே போனது என்பதை இந்தமுறையாவது தாளில் குறித்துவையுங்கள்.